மேற்குச் சன்னலும் கல்லங்குறிச்சிச் சிப்பியும்

இந்த வாரம் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது ஒரு வழவழத் தாள். அரியலூர்ப் பக்கம் கல்லங்குறிச்சியில் வீடு கட்டும் அக்கா மகன் கையில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர் திணித்தது. பனி போர்த்திய வீடு, சன்னலோரம் கம்பளிச் சட்டை போட்ட குழந்தை. 'வீட்டின் கதகதப்பு வெளியேறாது' என்று தமிழிலேயே அச்சடித்திருக்கிறார்கள். சித்திரை மாதத்து அரியலூரில் கதகதப்பு வெளியேறாதாம்!

"ரெட்டைக் கண்ணாடி, நடுவுல ஆர்கான் வாயு, மாமா. ஏசி பில்லு பாதியாக் கொறையும்ங்கிறாங்க" என்றான் பையன்.

தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். வெளியே 40 டிகிரி, அறைக்குள் 32. இந்த எட்டு டிகிரி வித்தியாசத்தால் ஒரு சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி வழியே உள்ளே வரும் சூடு ஏறத்தாழ 46 வாட். இரட்டைக் கண்ணாடி அதைப் பாதியாக்கும். லாபம் 23 வாட். அதே கண்ணாடி மேற்குச் சுவரில் இருந்து, மாலை நாலு மணி வெயில் நேராக விழுகிறது என்று வையுங்கள். சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில் என்றால், சாதாரணக் கண்ணாடி அதில் 480 வாட்டை உள்ளே விட்டுவிடும். ஓட்டையை விட்டுவிட்டு ஈரத்தைத் துடைக்கிற கதை.

குளிர்நாட்டுக்காரர், கண்ணாடி எவ்வளவு சூட்டைக் கடத்தும் என்று சொல்லும் யு மதிப்பைப் பார்ப்பது நியாயம். அவருக்கு உள்ளே 20, வெளியே உறைபனி, அதுவும் ராப்பகலாக. நாம் கடையில் கேட்க வேண்டியது எஸ்.எச்.ஜி.சி. என்ற எண். விழும் வெயிலில் எவ்வளவு பங்கு சூடாக உள்ளே வருகிறது என்பதன் அளவு அது. சாதாரணக் கண்ணாடிக்கு 0.8, நல்ல பூச்சுக் கண்ணாடிக்கு 0.3-ஐயும் தொடும். ஆனால் அந்த மென்பூச்சு காற்றுப் பட்டால் கெடும். இரட்டைக் கண்ணாடிக்குள், வெளிக் கண்ணாடியின் உள்முகத்தில் பூசி அடைத்திருந்தால்தான் நிற்கும். இதற்கெல்லாம் முன்னால் நிழல். தெற்கு வெயிலைச் சன்ஷேடு தடுக்கும். மேற்கு வெயில் தாழ்ந்து வருவதால் அதற்குத் தட்டியோ மரமோ வேண்டும்.

இனி ஸ்லைடிங் சன்னல். என் வசவு பழைய வாசகர்களுக்கு மனப்பாடம்; பொறுத்தருள்க. மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டுக் கட்டட விதிநூல், புழுக்கமான ஊர்களில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்குக்குச் சன்னல் திறக்க வேண்டும் என்கிறது. கவனியுங்கள், 'இருக்க' அல்ல, 'திறக்க'. இரண்டு தடத்து ஸ்லைடிங்கை எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். மீதிப் பாதி காற்றுக்குக் காசு கொடுத்துக் கட்டிய தடுப்பு. நம் பாட்டன் வைத்த நாலு கதவு மரச்சன்னலில் கீழ்க்கதவைச் சாத்தி மானத்தையும், மேல்கதவைத் திறந்து காற்றையும் ஒரே நேரத்தில் காப்பாற்றலாம். அதைப் பழைய மரக்கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு ஏசியைப் போட்டுப் படுக்கிறோம்.

இதையெல்லாம் பையனிடம் சொல்லிக்கொண்டே அஸ்திவாரக் குழியோரம் நின்றேன். தோண்டிப் போட்ட மண்ணில் உள்ளங்கையளவு கனத்த சிப்பி ஒன்று கிடந்தது. அதோடு கண்ணாடிப் பேச்சு முடிந்தது.

முடிந்தது என்றும் சொல்ல முடியாது. மணலையும் சோடாவையும் மட்டும் உருக்கினால் கிடைக்கும் கண்ணாடி தண்ணீரில் கரையும். அதை மழைக்குத் தாங்க வைப்பது சுண்ணாம்பு. சன்னல் கண்ணாடியின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அதுதான். அந்தச் சுண்ணாம்பின் மேல்தான் கலியுக வரதராசப் பெருமாள் ஊரான கல்லங்குறிச்சியே உட்கார்ந்திருக்கிறது. ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் இது கடல். கிரைஃபியா என்ற சிப்பியினம் இங்கே கூட்டங்கூட்டமாக வாழ்ந்து, செத்து, அடுக்கடுக்காகப் படிந்து பாறையாயிற்று. உலக நிலவியலாளர்கள் அந்தப் பாறை அடுக்குக்கே கல்லங்குறிச்சி என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1862-இல் நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்த வட்டாரத்துப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்து எழுதினார். அதே ஆண்டு கல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வந்து சேர்ந்தவர் மொராவியாக்காரர் ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்கா. தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் காலத்து உயிரினங்கள் பற்றி அவர் கொண்டுவந்த தொகுதிகளில் 1871-இல் முடிந்த சிப்பித் தொகுதி எனக்குப் பாராயண நூல். கதை கிடையாது, லத்தீன் பெயர்கள்தான். ஆனால் படப்பக்கங்களைப் பாருங்கள். சிப்பியின் ஒவ்வொரு வரியையும் உயிரோடிருப்பதை வரைவதுபோல் வரைந்திருக்கிறார்கள். ஸ்டோலிச்கா 1874-இல் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக் மலையில், 36 வயதில் இறந்தார். கல்லறை லே நகரில். நம் ஊர்ச் சிப்பிகளுக்குப் பேர் வைத்த கூட்டத்தில் ஒருவர். அவர் பேரில் இங்கே ஒரு தெரு வைத்தால்கூடத் தப்பில்லை.

சிப்பிகளின் கதி வேறு. 1979-இல் அரசு சிமென்ட் ஆலை வந்தது; தனியார் ஆலைகளும் வரிசையாக வந்தன. கல்லங்குறிச்சிச் சுரங்கத்தில் வெட்டுவது இந்தச் சிப்பிப் பாறையைத்தான். சிமென்டே கூடாது என்று நான் சொன்னால் பையன் வீடு எதில் எழும்பும்? வேலை கொடுத்த ஆலைகளும் அவைதான். பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் கல்லான மரத்துக்கு வேலி போட்டுக் காக்கிறோம். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒற்றைச் சிப்பியைப் பார்ப்பது வேறு, ஒரு கடலடி அப்படியே சுவராக நிற்பதைப் பார்ப்பது வேறு. வெட்டி முடித்த குழியை மூடும்போது ஒரே ஒரு பக்கச் சுவரை, பத்து மீட்டர் நீளத்துக்காவது, கைவைக்காமல் விடச் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கிப் பார்க்க ஒரு படிக்கட்டும், வெயிலுக்கு ஒரு கூரையும் போட்டால் போதும். கூரைக்குக் கண்ணாடி வேண்டாம், கீற்று போதும்.