சாம்புகன் எங்கே போனான்?

இரண்டு வாரம் முன்பு குடும்பத்தோடு வின்செஸ்டர் போய் வந்தோம். லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். அங்கே பழைய கோட்டையின் பெரிய மண்டபத்துச் சுவரில் ஒரு பிரம்மாண்டமான வட்ட மேசையை மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆர்தர் ராஜாவின் வட்ட மேசையாம். ஓக் மரம், ஒரு டன்னுக்கு மேல் எடை. உச்சியில் ஆர்தர் படம், சுற்றிலும் 24 வீரர்களின் பெயர்கள்.

உண்மையில் அது ஆர்தர் உட்கார்ந்த மேசை இல்லை. ஆர்தர் என்று ஒருத்தர் இருந்தாரா என்பதே நிச்சயமில்லை. மேசை 13-ம் நூற்றாண்டில் செய்தது. 16-ம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி ராஜா அதற்கு வண்ணம் பூச வைத்து, நடுவில் தன் வம்சத்து ரோஜாவைப் போட்டுக்கொண்டார். ஆர்தர் முகத்தில் ஹென்றியின் சாயல் இருக்கிறது என்கிறார்கள். ஊர் சொன்ன கதையை எடுத்துத் தன் குடும்பத்துக்கு விளம்பரப் பலகை ஆக்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயசு. மேசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்பா, இவங்களுக்குக் குதிரை பிடிச்சவங்க, சமைச்சவங்க பேரெல்லாம் எங்கப்பா?" என்று கேட்டாள். "அவங்க பேரெல்லாம் எழுத மாட்டாங்க கண்ணு" என்றேன். சொன்ன பிறகு நெஞ்சுக்குள் ஏதோ முள் மாதிரி குத்தியது. ஏனென்றால் போன பொங்கலுக்கு நாங்களும் அதே வேலையைத்தான் செய்தோம். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்கள் பகுதியில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம், எல்லாத் தமிழ்ப் பள்ளியும் ஒன்றுதான். பொங்கல் விழாவுக்குப் பிள்ளைகள் நாடகம். "இங்க ஸ்கூல்ல ஆர்தர், லான்சலாட்னு படிக்கிறாங்க, நம்மளுக்கும் வீரன் கதை இருக்குன்னு தெரியட்டும்" என்று பேச்சு வந்தது. பொன்னர் சங்கர் போடலாம் என்று சொன்னவன் நான்தான். வசனமும் நானே எழுதினேன். பி.காம். படித்துவிட்டு வங்கியில் கணக்குப் பார்க்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கதை எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததில்லை.

என் ஊர் எருத்தேன்பதி. பாலக்காடு ஜில்லாவின் கிழக்கு ஓரம், சித்தூர் தாலுகா. முன்னே கொச்சி ராஜ்ஜியம், 1949-ல் திருவாங்கூர்-கொச்சி, 1956-ல் கேரளம். போர்டு மாறிக்கொண்டே இருந்தது, வீட்டுப் பேச்சு மட்டும் கொங்குத் தமிழாகவே நின்றுவிட்டது. தாண்டினால் பொள்ளாச்சி. சின்ன வயசில் அப்பாரு தோளில் உட்கார்ந்து போய் அண்ணன்மார் கதை கேட்டிருக்கிறேன். உடுக்கை அடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்கள். தூங்கி விழுந்து, உடுக்கைச் சத்தத்தில் முழித்து, மறுபடி தூங்கி... நாள் கணக்கில் போகும்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பாடுகிறவர்களைப் பொறுத்துக் கதை மாறும், இது பொதுவான வடிவம். குன்னுடையாக் கவுண்டர், தாமரை தம்பதிக்கு வெகுகாலம் கழித்துத் தவத்தால் பிறந்தவர்கள் பொன்னர், சங்கர், தங்கை அருக்காணித் தங்காள். தங்கை காட்டுக் கிளி வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். அந்தக் காடு வேட்டுவர் காடு. கிளியைப் பிடித்து வரப்போய்ப் பகை மூள்கிறது. கொம்பன் என்கிற காட்டுப்பன்றி வந்து வெள்ளாமையை அழிக்கிறது. பன்றி வேட்டை, அப்புறம் சண்டை. கடைசியில் தன் விதி முடிந்தது என்று தெரிந்து சங்கர் தன் வாளிலேயே விழுந்து சாகிறான். பொன்னரும் மாய்கிறான். தங்கை காடு காடாகத் தேடி வந்து அண்ணன்மாரைக் கொஞ்ச நேரத்துக்கு உயிர்ப்பிக்கிறாள். மணப்பாறை பக்கம் வீரப்பூரில் இன்றைக்கும் மாசி மாசம் திருவிழா. படுகளத்தில் அருள் வந்து செத்தவர் போல விழுவார்கள், எழுப்புவார்கள்.

இதை நைட் கதைகளோடு வைத்துப் பாருங்கள். அந்தக் கதைகளுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. 12-ம் நூற்றாண்டில் பிரெஞ்சில் கிரெட்டியான் தெ திருவா எழுதியதிலிருந்து, தாமஸ் மாலரி சிறையில் இருந்து எழுதி 1485-ல் அச்சான ஆர்தர் புத்தகம் வரை கிட்டத்தட்ட அதேதான். யாரோ ஒரு பெண் ஒன்று கேட்பாள். வீரன் வாக்குக் கொடுப்பான். கொடுத்த வாக்குக்காகக் காட்டுக்குள் போவான். காட்டில் விசித்திர மிருகம், மாயம், எதிரி. ஒண்டிக்கு ஒண்டி சண்டை. உயிரா மானமா என்றால் மானம். நம் கதையிலும் அத்தனையும் இருக்கிறது. ஒரே பெரிய வித்தியாசம், லான்சலாட் குற்றவாளிகளை ஏற்றும் வண்டியில் ஏறி அவமானப்படுவது ராணி கினிவியர் மேல் உள்ள காதலால். நம் ஆட்கள் கட்டின மனைவிகளை ஒதுக்கி வைத்துவிட்டுத் தங்கச்சிக்குக் கிளி பிடிக்கப் போகிறார்கள். கொங்கு நாட்டில் அண்ணன் தங்கை பாசம் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

அதனால் "அவங்களுது காவியம், நம்மது குலசாமிக் கதை" என்று வெட்கப்படுகிறவர்களும் தப்பு. "நம்மகிட்ட இருந்துதான் வெள்ளைக்காரன் திருடினான்" என்று மார்தட்டுகிறவர்களும் தப்பு. யாரும் யாரிடமும் திருடவில்லை. நிலமும் மானமும் குதிரையும் இருக்கிற எல்லா ஊரிலும் இப்படிக் கதை முளைக்கும்.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். இந்தக் கதையில் சாம்புகன் என்று ஒருவன் இருக்கிறான். பறையர் குலம். முரசு அடிக்கிறவன், அசாத்திய பலசாலி. சங்கர் எங்கே போனாலும் முன்னால் போகிறவன். காட்டிலும் அவன்தான், களத்திலும் அவன்தான். எசமான்கள் சாகும்போது அவனும் சாகிறான். பல அண்ணன்மார் கோயில்களில் அவனுக்குச் சிலை உண்டு.

என் வசனத்தில் சாம்புகன் இருந்தான். ஒரு பையன் பிரமாதமாக ஒத்திகை பார்த்தான், கழுத்தில் மேளத்தை மாட்டிக்கொண்டு. விழாவுக்குப் பத்து நாள் முன்பு கமிட்டியில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங்க, அந்தச் சாம்புகன் எதுக்குங்க? பிள்ளைங்க சாதி என்னன்னு கேக்கும், தேவையில்லாத வம்பு. இங்க வந்தும் சாதியா? வெட்டி விட்டுருங்க." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் சரிங்க என்று வெட்டிவிட்டேன். மேளம் அடித்த பையனை நாலாவது போர்வீரன் ஆக்கினோம், வசனம் கிடையாது. குன்னுடையாக் கவுண்டர் குன்னுடையாக் கவுண்டராகவே மேடைக்கு வந்தார். அவர் வசனத்தில் அந்தப் பட்டம் ஏழு தடவை வருகிறது, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நன்றாகக் கவனியுங்கள். சாதியை நாங்கள் எடுக்கவில்லை. பறையரை எடுத்துவிட்டுக் கவுண்டரை விட்டு வைத்தோம். இதற்குப் பெயர் சாதி ஒழிப்பா? வரவுப் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுச் செலவுப் பக்கத்தைக் கிழித்துப் போட்டால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

நானும் கவுண்டர்தான். அதனால் இதைச் சொல்கிற கடமை எனக்கு இன்னும் கூட.

நாடகம் முடிந்து கைதட்டல், போட்டோ எல்லாம் ஆயிற்று. சாப்பாட்டு வரிசையில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர், என்னிடம் கேட்டார்: "தம்பி, ஒத்திகையிலை மேளத்தோடை ஒரு பொடியன் வந்தவனெல்லோ, அவன் எங்கை?" நேரம் போதவில்லை என்று பொய் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தட்டை வாங்கிக்கொண்டு போனார்.

நைட் கதைகளில் பெர்சிவல் என்று ஒருவன் வருகிறான். கிரெட்டியான் முடிக்காமலேயே விட்ட கதை அது. காயம்பட்ட ராஜா ஒருவரின் கோட்டையில் பெர்சிவல் விருந்தாளி. கண் முன்னாலேயே ரத்தம் சொட்டும் ஈட்டி போகிறது, ஒளி வீசும் பாத்திரம் போகிறது. இது என்ன, யாருக்காகக் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வருகிறது. ஆனால் அதிகம் பேசாதே என்று அவனுக்கு யாரோ மரியாதை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்காமல் விட்டுவிடுகிறான். கேட்டிருந்தால் ராஜாவின் காயம் ஆறியிருக்கும் என்று பிறகுதான் தெரிகிறது. வாளெடுத்துத் தோற்கவில்லை அவன், நாசூக்குப் பார்த்துத் தோற்றான். அந்தக் கமிட்டி அறையில் நானும் அப்படித்தான் தோற்றேன்.

இன்னொரு கதை கவெயின். பச்சை வீரனிடம் உயிருக்குப் பயந்து ஒரு பச்சை நிற இடைக்கச்சையை ஒளித்து வைத்துக்கொள்கிறான். மாட்டிக்கொண்டதும் தன் அவமானத்தின் அடையாளமாக அதை அணிந்துகொண்டு அரண்மனைக்குத் திரும்புகிறான். அங்கே எல்லோரும் சிரித்துவிட்டு, ஆளுக்கொரு பச்சைக் கச்சையைப் பெருமைக்காகக் கட்டிக்கொள்கிறார்கள்! நம் ஊரில் இப்போது அண்ணன்மார் கதைக்கு நடப்பது அதுதான். கதையின் முடிவில் மிஞ்சுவது பிணங்களும் ஒரு தங்கச்சியின் அழுகையும்தான். நாம் அதை ஃபிளெக்ஸ் போர்டில் அடித்து மீசையும் வாளும் வைத்துச் சாதிப் பெருமை ஆக்கிவிட்டோம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் அதையே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம்.

மறுத்துப் பேசுகிறவர்கள் சொல்வது எனக்குத் தெரியும். "சாமிக் கதைங்க, நோண்டக் கூடாது." ஐயா, நோண்டியது நான் இல்லை. உடுக்கை அடித்துப் பாடினவர்கள் சாம்புகனைப் பாடினார்கள். ஒரு குட்டி நாயைக் கூட விடவில்லை, பொன்னாச்சி இல்லாமல் கொம்பனைச் சாய்க்க முடியாது என்று பாடினார்கள். 1965-ல் காங்கயம் பக்கம் தங்கி இந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்த பிரெண்டா பெக் அம்மையாரின் பதிவிலும் சாம்புகன் இருக்கிறான். எழுத்தறியாத பாட்டுக்காரர் விடாததை, பட்டம் வாங்கின நாங்கள் விட்டோம். சாமிக் கதையில் கை வைத்தது யார்?

"பிள்ளைகளுக்கு எதுக்கு வலி?" என்பார்கள். எங்கள் சித்தூர் பக்கத்தில் இரண்டு பாட்டும் காதில் விழும், கிழக்கே அண்ணன்மார், மேற்கே மலையாளத்து வடக்கன் பாட்டு. அந்தப் பாட்டுகளில் ஆரோமல் சேகவர் வீரன், சந்து துரோகி. மலையாளத்தில் சதியன் சந்து என்றால் குழந்தைக்கும் தெரியும். 1989-ல் எம்.டி.வாசுதேவன் நாயர் எழுதி, ஹரிஹரன் இயக்கி, மம்முட்டி நடித்து 'ஒரு வடக்கன் வீரகாதா' வந்தது. முழுப்படமும் சந்துவின் பக்கத்திலிருந்து. துரோகி என்று சொல்கிறீர்களே, அவனைக் கேட்டீர்களா என்று கேட்ட படம். பார்த்தபோது நான் பள்ளிக்கூடப் பையன், ஆடிப்போனேன். வடக்கன் பாட்டு அதனால் அழிந்தா போயிற்று? முன்னைவிட உயரமாக நிற்கிறது. நாம் 2011-ல் பொன்னர் சங்கர் படம் எடுத்தோம். தலையூர்க் காளியின் பக்கம் என்ன நியாயம் என்று யாராவது கேட்டோமா? அவனைத் தங்கள் வீரனாக நினைக்கிற வேட்டுவர்கள் இன்றும் கொங்கில் நம் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள்.

ஐரோப்பாக்காரனும் 1605-லேயே இதைக் கேட்டுவிட்டான். செர்வாண்டிஸ் எழுதிய டான் கிஹோட்டேயில் கிழவன் நைட் வேஷம் போட்டுக்கொண்டு கிளம்புகிறான். கூடவே கழுதையில் போகிற சாஞ்சோ பான்சா வாயைத் திறந்து பேசுகிறான். பசிக்கிறது, வலிக்கிறது, அது பூதமில்லை எசமான், காற்றாடி ஆலை என்கிறான். வேலைக்காரன் பேச ஆரம்பித்தவுடன்தான் அந்தக் கதைகளுக்குப் புத்தி வந்தது.

நம் பிள்ளைகள் இந்த ஊரில் நிறத்துக்காக ஒரு நாள் ஓரங்கட்டப்பட்டால் நாம் கொதிக்கிறோம், பள்ளிக்குக் கடிதம் எழுதுகிறோம். அதே கை சனிக்கிழமை சாம்புகனை வெட்டுகிறது. வட்ட மேசையில் பெயர் இல்லாதவர்களைப் பற்றிக் கேட்கிற புத்தி என் மகளுக்கு இருக்கிறது. அந்தக் கேள்வியை நம் கதையிடமும் கேள் என்று சொல்கிற தைரியம் அப்பனுக்கு வேண்டாமா?

அடுத்த பொங்கலுக்கு அதே நாடகத்தை மறுபடி போடக் கேட்டு கமிட்டிக்கு எழுதிவிட்டேன். வசனத்தைத் திருத்திவிட்டேன். திரை தூக்கினவுடன் முதலில் வருவது முரசுச் சத்தம், சாம்புகன். அவனுக்குப் பன்னிரண்டு வசனம். சாதி என்னவென்று பிள்ளைகள் கேட்டால் சொல்வோம், அது ஏன் அநியாயம் என்றும் சொல்வோம். முடியாது என்றால் என் வசனத்தைத் திருப்பிக் கொடுத்துவிடட்டும்.

அந்தப் பையன் வீட்டுக்குப் போன சனிக்கிழமை போனேன். அவன் அப்பா அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனிடமும் கேட்டேன். "பரவால்ல அங்கிள், மேளம் மட்டும் திரும்பக் குடுப்பீங்களா?" என்றான். காரிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.