திகதியை மட்டும் பார்த்து அழிக்காதீங்கோ

இந்தக் கிழமை எபிசோடில் பழைய பைல்களைத் துப்புரவாக்கிறதைப் பற்றிக் கதைச்சம். அதில் நான் சொல்லாமல் விட்ட கதை ஒண்டு இருக்கு. பிழை என்னிலதான், அதால எழுதியே சொல்லுறன்.

2017 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, அப்பப்பா சொல்லச் சொல்ல எங்கட சொந்தக்காரரின் பெயர்களை டைப் பண்ணினன். காலமை கொஞ்சம், பின்னேரம் மிச்சம். இரண்டு ஃபோல்டரில் இரண்டு கொப்பி. இரண்டு வருசம் கழிச்சு டிஸ்கை ஒழுங்குபடுத்தேக்க, டெர்மினலில் 'எல்எஸ் -எல்' போட்டுப் பார்த்தன். ஒரே பெயர், ஒரே திகதி: ஆகஸ்ட் 12, 2017. நேரம் இல்லை. பக்கத்தில நிண்ட சைஸைக்கூட நான் கவனிக்கேல்ல. ஒண்டை அழிச்சிட்டன்.

போன வருசம் அம்மா கேட்டா: "கொடிகாமத்து ஆக்கள்ட பேர் எங்க?" அது பின்னேரம் சொன்னது. அப்பப்பா இப்ப இல்லை.

'எல்எஸ் -எல்' பொய் சொல்லேல்ல, பாதிதான் சொன்னது. பைல் மாறி ஆறு மாதத்துக்குள் என்றால் மாதம், நாள், நேரம் காட்டும், வருடம் இருக்காது. ஆறு மாதம் தாண்டினால் வருடம் வரும், நேரம் போயிடும். நொடி எப்பவுமே இல்லை. போசிக்ஸ் தரமே அப்படித்தான் சொல்லுது. ஆனால் முழு நேரமும் டிஸ்கில் பத்திரமாக இருக்கு. நாங்கள் கேட்டால்தான் தரும்.

திரையில் இடம் தாராளமாக இருக்கிற காலத்தில் இந்தச் சிக்கனம் தேவையில்லை என்பது என்ர கருத்து. புது மெஷினில் முதல் நாளே மாத்தி வையுங்கோ. லினக்ஸில் 'எல்எஸ் --ஃபுல்-டைம்': வருடத்தில் இருந்து நானோ நொடி வரை வரும், டைம் ஸோனும் வரும். மேக்கில் 'எல்எஸ் -எல்டி'. எல் சின்ன எழுத்து, டி பெரிய எழுத்து. நொடியும் வருடமும் சேர்ந்து வரும். இதை ஒரு ஏலியஸாகப் போட்டுவிட்டால் பிறகு யோசிக்கவே தேவையில்லை.

இரண்டு விசயம் கவனம். ஒண்டு, 'சிபி' என்று சும்மா கொப்பி பண்ணினால் புதுக் கொப்பிக்கு இண்டைய நேரம்தான் விழும். பழைய நேரம் வேணுமெண்டால் '-பி' சேர்க்கவேணும். மற்றது, 'ஸ்டாட்' காட்டுற சீடைம் பைல் உருவான நேரம் இல்லை. உள்ளடக்கமோ பெர்மிஷனோ கடைசியாக மாறிய நேரம்.

கிளையன்ட் சேர்வரில் இதையெல்லாம் நான் ஒரு நாளும் மறக்கிறதில்லை. வீட்டு டிஸ்கில்தான் அலட்சியம். உங்கட அம்மம்மா, அப்பப்பா சொன்னது ஏதும் உங்களிட்ட இருந்தால், ஒரு கொப்பியை அழிக்க முதல் முழு நேரத்தையும் பாருங்கோ. பிறகு இரண்டையும் திறந்தும் பாருங்கோ. நான் அந்த ஒரு நிமிசம் செலவழிக்கேல்ல.

அடுத்த எபிசோடில் சந்திப்பம்.