பதினாறாம் அலைவரிசையும் அத்தானின் கைக்கடிகாரமும்

திருகோணமலைத் துறைமுகத்தில் ஏறத்தாழ முப்பது வருடங்கள் கப்பல்களோடு வானொலியில் பேசி ஓய்வு பெற்றவர் என் அத்தான். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சென்ற மாரியில் குளியலறையில் வழுக்கி விழுந்தவர், அக்கா கோயிலிலிருந்து திரும்பும்வரை முக்கால் மணி நேரம் எழ முடியாமல் கிடந்தார். நல்ல காலம், எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் செய்தி ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்கு எட்டியதும் அவளுக்கு நித்திரை போயிற்று. இரண்டு மாதங்களுக்குள், ஊருக்கு வந்த ஒருவரின் பயணப்பெட்டியில் ஒரு ஸ்மார்ட் கைக்கடிகாரம் வந்து சேர்ந்தது. அணிந்திருப்பவர் விழுந்தால் அது உணர்ந்துகொள்ளும். அவர் அசையாமல் கிடந்தால் தானாகவே அழைப்பெடுக்கும். இதயத் துடிப்பையும் கணக்கெடுக்கும். மகளின் அச்சத்துக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து இருக்க முடியாது.

பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தின் பழைய மூடநம்பிக்கை. ஆகவே உவர்மலை வீட்டுக்கு என்னை அழைத்தார்கள். அன்று மாலை முழுவதும் விறாந்தையில் இருந்து நானும் அத்தானும் அக்கடிகாரத்தோடு மல்லுக்கட்டினோம். கடிகாரம் ஒரு கைத்தொலைபேசியைக் கேட்டது. அத்தானிடம் தொலைபேசி இருக்கிறது. அதுவும் மகள் முன்பு அனுப்பியதுதான். ஆனால் அது வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பு. மறுநாள் நகரத்துக் கடையொன்றில் காட்டியபோது அங்கிருந்த இளைஞர் ஒரு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஐயா, இது அந்தக் கொம்பனி ஃபோனோட மட்டும்தான் வேலை செய்யும். நீங்கள் ஃபோனை மாத்த வேணும்."

அவர் சொன்ன விலை அத்தானின் பல மாத ஓய்வூதியம். அத்தான் கடிகாரத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். வீதிக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"தம்பி, முப்பது வருசம் கப்பல்காரரோட கதைச்சிருக்கிறன். ஒருத்தரிட்டையும் உன்ர செற் என்ன கொம்பனி எண்டு நான் கேட்டதில்லை."

எந்த நிறுவனத்தின் கடிகாரம், எந்த நிறுவனத்தின் தொலைபேசி என்பதை நான் இங்கு எழுதப் போவதில்லை. அது முக்கியமும் அல்ல. அத்தானின் அந்த ஒரு வாக்கியம்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பிறிமா மாவாலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பலாயினும் சரி, சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்கு எரிபொருள் கொண்டுவரும் கப்பலாயினும் சரி, கரையோடு தொடர்புகொள்ள முதலில் நாடுவது வீ.எச்.எஃப். வானொலியின் பதினாறாம் அலைவரிசையைத்தான். 156.8 மெகாஹேர்ட்ஸ். உலகத்தின் எல்லாக் கடல்களிலும் அழைப்புக்கும் ஆபத்துக்கும் உரிய பொது வாசல் அது. கப்பலில் இருப்பது ஜப்பானிய வானொலியா, ஐரோப்பிய வானொலியா, அமெரிக்க வானொலியா என்பது கரையில் இருப்பவருக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. கொடிகளிலும் இப்படித்தான். நீலமும் மஞ்சளுமாக நெடுங்கோடுகள் கொண்ட கொடி ஏறினால் வழிகாட்டி மாலுமி தேவை என்று பொருள். அக்கொடியைத் தைத்தவர் யாரென்று எவரும் கேட்பதில்லை.

கைமணிக்கட்டுக்கு வந்தால் கதை வேறு. 2015ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த அப்பிள் கடிகாரம் இன்றுவரை ஐபோனுடன் மாத்திரமே இணைகிறது. சாம்சுங் நிறுவனத்தின் கலக்ஸி கடிகாரங்கள் ஒரு காலத்தில் ஐபோனுடனும் ஓரளவு வேலை செய்தன. 2021இல் வந்த நான்காம் தலைமுறையோடு அந்தக் கதவும் சாத்தப்பட்டது. அதன் இதய மின்வரைபு போன்ற வசதிகளுக்கு அன்ட்ரோயிட் தொலைபேசி இருந்தாலும் போதாது. அது சாம்சுங் தொலைபேசியாகவே இருக்க வேண்டும். 2022இல் வந்த கூகிளின் பிக்சல் கடிகாரமும் ஐபோனை ஏற்றுக்கொள்வதில்லை. ஆக, ஒரு நிறுவனத்தை மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமல்ல. கார்மின், அமேஸ்ஃபிட் போன்றவை இருதரப்புத் தொலைபேசிகளுடனும் இணைகின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றை ஐபோனுடன் இணைப்பவர் வந்த குறுஞ்செய்தியைக் கடிகாரத்தில் வாசிக்கலாம்; அதிலிருந்தே பதில் அனுப்ப முடியாது. அந்த வசதியை அப்பிள் தன் சொந்தக் கடிகாரத்துக்கென வைத்துக்கொண்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கடிகாரமும் தொலைபேசியும் பேசிக்கொள்ளும் அலை பொதுவானது. புளூடூத் என்பது 1998இல் எரிக்சன், நொக்கியா, ஐ.பி.எம்., இன்ரெல், தொஷிபா ஆகிய போட்டி நிறுவனங்கள் ஒன்றுகூடி உருவாக்கிய பொதுத் தரம். ஆகவே வானலையில் தடை இல்லை. தடை இருப்பது மென்பொருளில். அங்கே யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்பதைத் தீர்மானிப்பவர் தொலைபேசியையோ கடிகாரத்தையோ தயாரித்தவர்.

நிறுவனங்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. கடிகாரம் உடலோடு ஒட்டியிருக்கும் கருவி. இதயத் துடிப்பும் அந்தரங்கச் செய்திகளும் அதன் வழியே போகின்றன. முன்பின் அறியாத நிறுவனத்தின் கருவிக்கு அவற்றைத் திறந்துவிட்டால் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்கிறார்கள். அன்ட்ரோயிட் தொலைபேசிகளுடன் தன் கடிகாரத்தை இணைப்பது குறித்து மூன்று வருடங்கள் ஆராய்ந்து, தொழில்நுட்ப வரையறைகள் காரணமாகக் கைவிட்டதாகவும் அப்பிள் 2024இல் கூறியது. இவற்றைப் பொய் என்று ஒதுக்கிவிட நான் தயாரில்லை. ஆனால் இதே வாதத்தைக் கடல் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறது.

நாம் இன்று இயல்பென்று நினைக்கும் அந்தப் பதினாறாம் அலைவரிசை ஒழுங்கு வானத்திலிருந்து விழுந்ததல்ல. கம்பியில்லாத் தந்தியின் ஆரம்ப நாட்களில் மார்க்கோனி நிறுவனம் தன் கருவிகளைக் கப்பல்களுக்கு வாடகைக்குக் கொடுத்தது. அவற்றை இயக்கியவர்களும் அதன் ஊழியர்களே. போட்டி நிறுவனத்தின் கருவி பொருத்திய கப்பலோடு தொடர்புகொள்வதில்லை என்பது அந்நிறுவனத்தின் கொள்கை. கரையோர நிலையங்களைத் தன் பணத்தில் கட்டினேன், மற்றவர் ஏன் இலவசமாகப் பயன்படுத்த வேண்டும், வெவ்வேறு முறைகள் கலந்தால் குழப்பம் வராதா என்பன அதன் வாதங்கள். 1902இல் ஜேர்மன் இளவரசர் ஹைன்ரிஷ் அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது, ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றுக்குக் கப்பலிலிருந்து அனுப்ப முயன்ற செய்தியை மார்க்கோனி நிலையம் ஏற்கவில்லை என்று பெரும் சர்ச்சை எழுந்தது. அக்கப்பலில் இருந்தது ஜேர்மன் கருவி.

இளவரசருக்கே இந்தக் கதியென்றால் சாதாரண மாலுமியின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. 1903இல் பேர்லினில் நாடுகள் கூடின. 1906இல் அதே நகரில் உடன்படிக்கை உருவாயிற்று. கருவி எந்த முறையைச் சேர்ந்தது என்று பாராமல், கரையும் கப்பலும் ஒன்றோடொன்று செய்தி பரிமாறியே ஆகவேண்டும் என்று அது விதித்தது. ஆபத்துக் குறியான எஸ்.ஓ.எஸ். சர்வதேச விதியானதும் அம்மாநாட்டில்தான். டைட்டானிக் மூழ்கிய 1912இல், இலண்டன் மாநாடு கப்பலுக்கும் கப்பலுக்கும் இடையிலும் அக்கடப்பாட்டை விரிவுபடுத்தியது. மார்க்கோனி நிறுவனம் இதனால் அழிந்துவிடவில்லை. அதன் கருவிகள் பிறகும் பல காலம் கப்பல்களில் இருந்தன. அது இழந்தது, மறுக்கும் உரிமையை மாத்திரமே.

அந்தப் போராட்டம் இப்போது கடிகாரத்துக்காக நடக்கிறது. 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித் திணைக்களம் அப்பிளுக்கு எதிராகத் தொடுத்த ஏகபோக வழக்கில், போட்டிக் கடிகாரங்களை ஐபோனில் முடக்குவதும் ஒரு குற்றச்சாட்டு. வழக்கைத் தள்ளுபடி செய்யவேண்டும் என்ற அப்பிளின் கோரிக்கையை நியூ ஜேர்சி நீதிமன்றம் 2025 ஜூனில் நிராகரித்தது. ஐரோப்பிய ஆணைக்குழு 2025 மார்ச்சில் ஒரு படி மேலே சென்று, ஐபோனுக்கு வரும் அறிவித்தல்கள் உட்படப் பல வசதிகளைப் பிற நிறுவனக் கருவிகளுக்கும் திறந்துவிடுமாறு உத்தரவிட்டது. அப்பிள் அதை நீதிமன்றத்தில் எதிர்த்தது.

இவ்விடத்தில்தான் நமது கவலை தொடங்குகிறது. தொலைபேசிகளுக்கு யூ.எஸ்.பி. சீ மின்னேற்றிதான் வேண்டும் என்று ஐரோப்பா சட்டம் செய்தபோது, 2023இல் ஐபோனும் மாறியது. அந்த மாற்றம் திருகோணமலைக் கடைத்தெரு வரை வந்தது. ஏனென்றால் ஐரோப்பாவுக்கு ஒரு துளையும் மற்ற உலகுக்கு இன்னொரு துளையும் வைத்துத் தொலைபேசி தயாரிப்பது கட்டுப்படியாகாது. மென்பொருளுக்கு அந்தச் சிரமம் இல்லை. தொலைபேசி எந்த நாட்டில் இருக்கிறது என்று பார்த்து, அங்கே மாத்திரம் கதவைத் திறக்கலாம். வேறு நிறுவனங்களின் செயலிக் கடைகளை ஐபோனில் அனுமதிக்கும்படி ஐரோப்பா பணித்தபோது, 2024இல் அவ்வசதி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மாத்திரமே வந்தது. பிரஸ்ஸல்ஸில் கிடைக்கும் நீதி கப்பலேறி இங்கே வந்துவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

இலங்கை போன்ற சிறிய நாடு இந்த நிறுவனங்களைத் தனியாக வளைக்க முடியாது என்பதை நான் அறிவேன். ஆனால் செய்யக்கூடிய சில உண்டு. எந்தத் தொலைபேசியோடு எந்த வசதிகள் வேலை செய்யாது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எழுதிக்காட்டிய பிறகே கடிகாரத்தை விற்க வேண்டும் என்று பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை விதிக்கலாம். அதற்குப் பெரிய வல்லமை தேவையில்லை. நீண்ட காலத் தீர்வு 1906இல் கண்ட தீர்வுதான். எல்லா வசதிகளையும் திறக்கச் சொல்லவில்லை. பாட்டுக் கேட்பதையும் நடை எண்ணுவதையும் அவர்கள் தமக்கென வைத்துக்கொள்ளட்டும். விழுந்தவர் உதவிக்கு அழைப்பதும், மருத்துவர் பார்க்கவேண்டிய இதயக் கணக்கும் எந்தத் தொலைபேசியோடும் வேலை செய்தாக வேண்டும். கடலில் ஆபத்துக் குரலுக்குக் கொடுத்த இடத்தை வீட்டில் விழுந்த முதியவரின் குரலுக்கும் கொடுக்கச் சொல்வது மிகையான கோரிக்கையாக எனக்குத் தோன்றவில்லை.

வெளிநாடுகளில் இருந்து இதை வாசிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கடிகாரம் வாங்கும் முன்பு, ஊரில் அம்மாவின் கையில் இருப்பது என்ன தொலைபேசி என்று தயவுசெய்து கேளுங்கள். இங்கே பெரும்பாலானோரிடம் இருப்பது அன்ட்ரோயிட். உங்கள் சட்டைப்பையில் இருப்பது அதுவாக இருக்க வேண்டியதில்லை. இணைந்தாலும் எந்தெந்த வசதி இந்நாட்டில் வேலை செய்யும் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மருமகள் இப்போது தொலைபேசியையும் அனுப்புவதாகச் சொல்கிறாள். அத்தான் வேண்டாம் என்று பிடிவாதமாக நிற்கிறார். கடிகாரம் பெட்டியோடு அலுமாரியில் இருக்கிறது. குளிக்கப் போகும்போது அவர் இப்போது கதவைத் தாழிடுவதில்லை. அக்கா குசினியிலிருந்து இடைக்கிடை குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து பதில் வந்த பிறகுதான் மற்ற வேலையைப் பார்ப்பார்.