காலை நீட்டிப் படுக்க 72,000 மைல்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பிரெட் டோஸ்டர் இருக்கிறது. ஐந்து வருஷமாகியும் அட்டைப்பெட்டி பிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் பிரெட் வாங்குவது யாருக்காவது ஜுரம் வந்தால் மட்டும்தான். அதையும் பாலில் தோய்த்துச் சாப்பிடுகிற வம்சம். டோஸ்டரை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. கிரெடிட் கார்டில் சேர்ந்த 9,000 பாயிண்ட்டைக் கொடுத்து, வங்கியின் கேட்லாக்கைப் பார்த்து வாங்கியது. 'சும்மா வந்தது' என்று அன்றைக்கு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

அது சும்மா வந்ததில்லை என்று எனக்குப் புரியவைத்தவன் மூன்றாவது மாடிப் பையன். ஐ.டி. கம்பெனி வேலை, அரை டிராயர், கையில் ஏழு கிரெடிட் கார்டு. லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது சீட்டுக்கட்டு மாதிரி விசிறிக் காட்டினான்.

"டோஸ்டரா வாங்கினீங்க அங்கிள்?" என்றான், துக்கம் விசாரிக்கிற குரலில்.

பையனைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. என் பெண்ணுக்கு மெல்போர்னில் பிரசவம். தலைப்பிரசவம். அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறாள். அம்மாவுக்கோ இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று ஆபரேஷன். வீட்டுக்குள் என்னைவிட வேகமாக நடக்கிறாள். ஆனால் ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கால் பூசணிக்காய் ஆகிவிடும். மெல்போர்னுக்கு வழியில் விமானம் மாறி, ஆகாயத்தில் மட்டுமே சுமார் பன்னிரண்டு மணி நேரம்.

டாக்டரைக் கேட்டோம். "தாராளமா போகலாம். ஆனா அவ்வளவு நேரம் காலைத் தொங்கப் போட வேண்டாம். படுத்துக்கிட்டுப் போற சீட்டா பாருங்க" என்றார், ஏதோ இட்லிக்குப் பதில் இடியாப்பம் சாப்பிடுங்கள் என்பது போல. படுத்துக்கொண்டு போகிற சீட்டுக்குப் பெயர் பிசினஸ் கிளாஸ். விலை பார்த்தேன். போவதற்கு மட்டும் ஒருத்தருக்கு 1,94,000 ரூபாய். என் பென்ஷனை வைத்துப் பார்த்தால் விமானத்தின் ஒரு சக்கரம் வரைக்கும் போகலாம்.

"நான் போகலைன்னா குழந்தை பிறக்காதா என்ன" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய் ரொம்ப நேரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்கார அம்மா காலையிலேயே தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போன பாத்திரம்.

அப்புறம்தான் எனக்குக் கார்டு ஞாபகம் வந்தது. பதினோரு வருஷமாகச் சேர்ந்த பாயிண்ட் 2,40,000. இதைச் சேர்க்க நான் பட்ட பாடு தனிக்கதை. கல்யாணப் புடவை எடுக்க யார் கூப்பிட்டாலும் கூடப் போவேன். பில் போடும்போது பாய்ந்து, "நான் கார்டு தேய்க்கிறேன், நீங்க எனக்குக் காசா குடுத்துடுங்க" என்பேன். மச்சினர் மட்டும் இன்னும் 18,400 தர வேண்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன். பில்லை முழுசாகக் கட்டாமல் பாக்கி வைத்தால் மாதம் மூன்று மூன்றரை சதவிகிதம் வட்டி. வருஷத்துக்கு நாற்பதைத் தொடும். கந்துவட்டிக்காரரே கூச்சப்படுவார். பாக்கி வைக்கிறவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு ஜோக்ஸ் பக்கத்துக்குப் போய்விடலாம். பாயிண்ட் அவர்களுக்கு லாபமே இல்லை.

பையன் பேப்பரும் பேனாவும் கேட்டான்.

"கேட்லாக்ல உங்க பாயிண்ட்டுக்கு இருபத்தஞ்சு பைசாதான் அங்கிள். மொத்தமும் 60,000 ரூபாய். அதையே ஏர்லைன்ஸ் மைலா மாத்துங்க. உங்க கார்டுல ரெண்டு பாயிண்ட்டுக்கு ஒரு மைல். 1,20,000 மைல் வரும்."

"பாதியாகப் போச்சே?"

"அவசரப்படாதீங்க. ஆன்ட்டியோட சீட்டுக்கு 72,000 மைல். வரி 14,000 கையிலேர்ந்து. டிக்கெட் விலையில வரியைக் கழிச்சா 1,80,000. அதை 72,000-ஆல வகுங்க."

வகுத்தேன். மைலுக்கு இரண்டரை ரூபாய். ஒரு பாயிண்ட்டுக்கு ஒண்ணேகால் ரூபாய். கேட்லாக்கைவிட ஐந்து மடங்கு.

"எகானமிக்கு 30,000 மைல், வரி 11,000. காசு குடுத்தா டிக்கெட் 38,000. மைலுக்குத் தொண்ணூறு பைசாதான் வருது. எகானமிக்குக் காசு, பிசினஸுக்கு மைல். அதான் சூத்திரம்."

வீட்டுக்கு வந்து பெருமையாக விளக்கினேன். மனைவி கேட்டாள்: "பாயிண்ட்டே இல்லைன்னா 1,94,000 குடுத்து வாங்கியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப எப்படி அது 1,94,000 ஆகும்?"

பதில் தெரியவில்லை. பையனிடம் கேட்டேன். அவனும் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "ஆன்ட்டி எங்க படிச்சாங்க?" என்றான். காசு கொடுத்து வாங்கவே மாட்டோம் என்கிற சீட்டுக்கு, நாம் எவ்வளவு கொடுக்கச் சம்மதிப்போமோ அதுதான் நிஜ விலை. என் மனைவியின் முழங்காலுக்கு நான் அதிகபட்சம் ஒரு லட்சம் கொடுத்திருப்பேன். அப்படிப் போட்டால்கூட வரி போக மைலுக்கு ஒரு ரூபாய் இருபது பைசா. டோஸ்டரைவிட இரண்டு பங்குக்கு மேல்.

இந்த மைல் வியாபாரம் பெரிதாகக் கிளம்பியது 1981-ல். அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறந்த தூரத்தைக் கணக்கு வைத்து இலவச டிக்கெட் தருகிற 'அட்வான்டேஜ்' திட்டத்தை அந்த வருஷம் மே மாதம் ஆரம்பித்தது. பிறகு பறக்காமலே மைல் சேர்க்கிற வழிகள் வந்தன. 1999-ல் கலிஃபோர்னியாவில் டேவிட் ஃபிலிப்ஸ் என்கிற இன்ஜினீயர், ஒரு உணவுக் கம்பெனி தன் அட்டைகளுக்கு மைல் தருவதைப் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே மலிவான புட்டிங் கிண்ணங்களாக 12,150 வாங்கினார். செலவு 3,140 டாலர். கிடைத்தது 12 லட்சம் மைலுக்கு மேல். அவ்வளவு புட்டிங்கை யார் தின்பது? சால்வேஷன் ஆர்மிக்கு தானமாகக் கொடுத்து, அவர்களையே லேபிள் கிழிக்கவும் வைத்து, தானத்துக்கு வருமானவரிச் சலுகையும் வாங்கினார். இவர் நிச்சயம் போன ஜென்மத்தில் கும்பகோணம்.

இன்னொரு கூட்டம், அமெரிக்க அரசின் நாணயச்சாலை ஒரு டாலர் காசுகளை தபால் செலவில்லாமல் வீட்டுக்கே அனுப்புகிறது என்று கண்டுபிடித்தது. கார்டில் காசு வாங்குவது, வந்த மூட்டையை அப்படியே வங்கியில் கட்டுவது, அந்தப் பணத்தில் கார்டு பில் கட்டுவது. மிச்சம் மைல். 2011-ல் நாணயச்சாலை விழித்துக்கொண்டு, கார்டு வேண்டாம் என்றது.

என் விஷயத்துக்கு வருகிறேன். முதல் முட்டுக்கட்டை, இனிஷியல். வங்கிக் கார்டில் நான் இனிஷியலோடு இருக்கிறேன். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, அப்பாவின் பெயரைக் கடைசியில் போட்டிருக்கிறார்கள். கார்டில் ஒரு பெயர், விமானக் கம்பெனியின் கணக்கில் வேறு பெயர் என்றால் மைல் மாறாது. டிக்கெட் பெயரோ பாஸ்போர்ட் மாதிரி இருக்க வேண்டும். வங்கிக்கு நாலு கடிதம், இரண்டு போட்டோ, ஒரு வாரம். கடைசியில் கார்டையே பாஸ்போர்ட் பெயருக்கு மாற்றினேன். அன்றிலிருந்து விமானக் கம்பெனி எனக்கு எழுதுகிற கடிதமெல்லாம் 'அன்புள்ள திரு. கோவிந்தசாமி' என்றே வருகிறது. கோவிந்தசாமி என் அப்பா. மதுரையிலிருந்து சென்னைக்கே பாசஞ்சரில் வந்தவர். விமானத்தைத் தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி.

இரண்டாவது, எந்தக் கம்பெனிக்கு மாற்றுவது. விமானக் கம்பெனிகளில் கூட்டணி உண்டு. ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்டு, ஸ்கைடீம் என்று மூன்று. ஏர் இந்தியா 2014-ல் ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் லுஃப்தான்சாவும் அதே அணி. ஒரு கட்சியின் மைலை வைத்து இன்னொரு கட்சியின் விமானத்தில் ஏறலாம். நம்மூர் மாதிரியே தொகுதிப் பங்கீட்டில்தான் சூட்சுமம்: ஒரே விமானம், ஒரே சீட், ஆனால் எந்தக் கம்பெனி மைலில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். சில கம்பெனிகள் மைலைக் குறைவாகக் கேட்டு, 'சர்சார்ஜ்' என்று பல்லாயிரம் ரூபாயைப் பின்பக்கமாகப் பிடுங்கும். மைலை மட்டும் பார்க்காமல் கடைசிப் பக்கத்தில் வருகிற வரித்தொகையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் நான் கோட்டை விட்ட இடம். பையன் ஊருக்குப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, விமானக் கம்பெனியின் பக்கத்தில் மனைவிக்கு ஒரு சீட் பளிச்சென்று தெரிந்தது. 72,000 மைல். மூன்று மாதத்துக்கு முன் இதுவே 66,000. யோசித்துக்கொண்டிருந்ததற்குத் தண்டம் 6,000 மைல். இந்த எண்ணை எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம், நம்மைக் கேட்க வேண்டியதில்லை. பதறிப்போய் 1,44,000 பாயிண்ட்டை மாற்றச் சொல்லி பட்டனை அமுக்கினேன். மைல் கணக்கில் ஏற மூன்று நாள் ஆனது. வெள்ளிக்கிழமை ஏறியபோது சீட் போய்விட்டது.

"சரி, பாயிண்ட்டைத் திருப்பிக் குடுங்க" என்று வங்கிக்கு போன் செய்தேன். அந்தப் பெண் நாலு தடவை 'ஐயாம் சாரி சார்' சொன்னாள். பாயிண்ட் மைலாகலாம், மைல் திரும்பப் பாயிண்ட் ஆகாது. பால் தயிராகிற மாதிரி.

பையன் வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். "சிலர் சீட்டை ரெண்டு மூணு நாள் பிடிச்சு வைப்பாங்க, போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். எத்தனை நாள்ல மைல் ஏறும்னும் முதல்லயே பாத்திருக்கணும். நல்ல வேளை, முழுசையும் மாத்தாம விட்டீங்களே!" மாற்றாததற்குக் காரணம் புத்திசாலித்தனம் இல்லை, தூக்கம் வந்துவிட்டது. ஆனாலும் அவன் சொன்னது சரி. வங்கியில் இருக்கிற பாயிண்ட் பல கதவுக்குச் சாவி. மைலானால் ஒரே கதவு. அந்த வீடே மூடிக்கொள்ளலாம்: கிங்ஃபிஷர் 2012-லும் ஜெட் ஏர்வேஸ் 2019-லும் பறப்பதை நிறுத்தின. ஜெட்டின் மைல்கள் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறிப் பிழைத்தன. ஏறுவதற்கு ஜெட்தான் இல்லை. காலாவதி வேறு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல் மூன்று வருஷத்தில் கெட்டுப்போகும், ஊறுகாயைவிடக் கொஞ்சம் கூட.

டாக்டர் சொன்ன பிரசவத் தேதிக்கு ஐந்து வாரம் இருந்தது. தினமும் விடியற்காலை எழுந்து, காபிக்கு முன்னால் சீட் தேடினேன். பதினேழு நாள். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஹாலில் வைத்திருந்த சூட்கேஸில் ஒவ்வொரு நாளும் ஒன்று கூடியது: பழைய வெள்ளை வேஷ்டித் துணி, வசம்பு, பிரசவ லேகியம். பெட்டியை மூடவும் இல்லை, திறந்ததைப் பற்றிப் பேசவும் இல்லை.

பதினெட்டாம் நாள் நாலே முக்காலுக்கு ஒரே ஒரு சீட். கை நடுங்கியது. பெயர், பாஸ்போர்ட் எண், வரிக்கு கார்டு. ஓ.டி.பி. வந்தது, பெட்ரூமில் சார்ஜ் போட்டிருந்த போனுக்கு. ஓடினேன், வாசற்படியில் இடித்துக்கொண்டேன். ஆறு எண்ணையும் கத்திக்கொண்டே திரும்பி வந்து தட்டினேன். டிக்கெட்! இடித்துக்கொண்டது என்னுடைய முழங்கால் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

"ஒரு சீட்டா? நான் தனியாவா?" என்றாள். வெளிநாடு என்று தனியாக அவள் போனதே இல்லை. வீல்சேருக்குச் சொல்லி வைத்தேன். நான் மூன்று நாள் கழித்து, 38,000 கொடுத்து எகானமியில்.

போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள். "கால் வீங்கவே இல்லை. ஆனா படுக்கைன்னு என்னமோ சொன்னீங்களே, ரயில் பெர்த்தை விடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். பக்கத்துல பேச ஆளே இல்லை. வெள்ளித் தட்டு மாதிரி எதிலயோ தயிர் சாதம் தேடினேன், வரலை."

குழந்தை பத்து நாள் முன்னாலேயே பிறந்துவிட்டது. அப்போது நான் ஆகாயத்தில், முன்சீட்டுக்காரரின் தலை என் மடியில் இருக்க, முழங்காலை மோவாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கி போனைப் போட்டதும் போட்டோ வந்தது. பேத்தி. பக்கத்தில் நின்றுகொண்டு, நேராக, இரண்டு காலிலும், அவள் பாட்டி.

அடுத்த வாரம் விமானக் கம்பெனியிலிருந்து கடிதம். 'அன்புள்ள திரு. கோவிந்தசாமி, தாங்கள் பறந்ததற்காகத் தங்கள் கணக்கில் மைல்கள் சேர்க்கப்பட்டுள்ளன.'

மனைவியிடம் படித்துக் காட்டினேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "மாமாவோட மைல். டோஸ்டர் கீஸ்டர் வாங்கி வைக்காதீங்க" என்றாள்.