மாப்பிள்ளை வாங்கிய துப்பாக்கி

டெக்சாஸில் இருக்கும் என் மாப்பிள்ளை சென்ற மாதம் வீடியோ அழைப்பில் ஒரு கறுப்புத் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டினார். ஏ.ஆர்.15. "பயப்படாதீங்க மாமா, இது மிலிட்டரி துப்பாக்கி இல்லை. மிலிட்டரில இருக்கிறது எம்16. அது ஆட்டோமேட்டிக், இது செமி ஆட்டோமேட்டிக்" என்றார். அவருக்குப் பின்னால் எட்டு வயதுப் பேத்தி சோபாவில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

பணியில் இருந்தபோது சில ஆண்டுகள் ஆயுத உரிமக் கோப்புகளைப் பார்த்தவன் நான். ஒரு தடவை கூடச் சுட்டதில்லை, எல்லாம் காகிதத்தில்தான். ஆனாலும் ஒரு பொருளை வகைப்படுத்தும்போது அதன் பெயரைப் பார்க்காதே, அது என்ன செய்யும் என்று பார் என்பது அந்த நாற்காலியில் கற்ற பாடம். அதனால் இதைப் பற்றி உட்கார்ந்து படித்தேன்.

ஏ.ஆர். என்பது ஆர்மலைட் என்ற கம்பெனியின் பெயரிலிருந்து வந்தது. பலர் நினைப்பது போல 'அசால்ட் ரைபிள்' என்பதன் சுருக்கம் அல்ல. இதில் மாப்பிள்ளை கட்சி சரி. அங்கே 1950களில் யூஜின் ஸ்டோனர் என்ற பொறியாளர் குழு வடிவமைத்ததை 1959இல் கோல்ட் கம்பெனி வாங்கியது. ராணுவம் எடுத்துக்கொண்டது எம்16 ஆயிற்று. 1960களின் நடுவிலேயே பொதுமக்களுக்கும் ஒன்றை விற்க ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

வித்தியாசம் விசையில். எம்16இல் விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து பாயும், நிமிடத்துக்கு 700க்கு மேல் என்ற வேகத்தில். ஏ.ஆர்.15இல் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒன்று. பிரெஞ்சுப் பள்ளியில் 'செமி' என்றால் பாதி என்று படித்த எனக்கு, எதில் பாதி என்று கேட்கத் தோன்றியது. தோட்டா பாதியா? இல்லை, இரண்டிலும் ஏறக்குறைய அதே 5.56 மில்லிமீட்டர்தான், வினாடிக்கு 900 மீட்டருக்கு மேல் போகிறது. மேகசின் பாதியா? இரண்டுக்கும் வழக்கமானது 30 தோட்டா. அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்வதும் இரண்டிலும் உண்டு. விரல் மட்டும் மறுபடி மறுபடி அசைய வேண்டும், அவ்வளவே.

சரி, அந்த விரல் வேலைதான் ராணுவத் துப்பாக்கியையும் மற்றதையும் பிரிக்கிறதா? என் பெரியப்பா சொல்தா. அல்ஜீரியப் போரில் பிரெஞ்சுப் படையோடு இருந்தவர். அவர்கள் தூக்கிப் போன மாஸ் 49/56 ரைபிள் செமி ஆட்டோமேட்டிக்தான், மேகசினில் 10 தோட்டாதான். 1971இல் நம் ஜவான்கள் வங்காளத்துக்குக் கொண்டுபோன எஸ்.எல்.ஆர்.? அதுவும் ஒரு அழுத்தலுக்கு ஒரு தோட்டாதான். அதை யாரும் விளையாட்டுத் துப்பாக்கி என்று சொல்லவில்லை.

அமெரிக்க ராணுவமே வியட்நாமில் தோட்டாக்கள் வீணாவதைப் பார்த்துவிட்டு, பிறகு வந்த எம்16ஏ2இல் தொடர் சூட்டை எடுத்து மூன்று தோட்டாவோடு நிற்கும்படி செய்தது. குறி பார்த்து ஒவ்வொன்றாகச் சுடு என்றுதான் சிப்பாய்க்குக் கற்றுத் தருகிறார்கள். அதாவது சிப்பாய் பெரும்பாலும் தன் துப்பாக்கியை மாப்பிள்ளையின் துப்பாக்கி போலவே பயன்படுத்துகிறான்.

1994இல் அங்கே பத்தாண்டுத் தடை ஒன்று வந்தது. துப்பாக்கிமுனைக் கத்தி மாட்டும் இடம், மடங்கும் கட்டை, கைத்துப்பாக்கி போன்ற பிடி என்று தோற்றத்தைப் பட்டியலிட்டு எழுதினார்கள். கம்பெனிகள் இரண்டொன்றைக் கழற்றிவிட்டு அதையே விற்றன. இப்படி ஒரு வரைவை நான் தயாரித்திருந்தால் என் மேலதிகாரி முகத்தில் விட்டெறிந்திருப்பார். 2004இல் அந்தச் சட்டமும் காலாவதியானது.

அங்கே துப்பாக்கியால் நடக்கும் கொலைகளில் பெரும்பாலானவை கைத்துப்பாக்கியால்தான் என்று மாப்பிள்ளை சொன்னார். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும், 2022இல் அதே டெக்சாஸின் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் செத்தது இந்த 'பாதி' ரகத்தால். நியூசிலாந்தில் 2019இல் 51 பேர் இறந்ததும், ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் கூடி இந்த ரகத்தில் பெரும்பாலானவற்றைத் தடை செய்தது. நம் நாட்டில் சாதாரண உரிமத்தில் இதைக் கேட்டு மனு போட்டிருந்தால் என் மேசையைத் தாண்டியிருக்காது.

மாப்பிள்ளை கெட்டவர் அல்ல. ஊருக்கு வெளியே வீடு, திருட்டு பயம், பக்கத்து வீட்டுக்காரரிடமும் இருக்கிறது. வாங்கியதற்காகக் கூட அவரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. 'இது அது இல்லை' என்று அவர் தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ராணுவத் துப்பாக்கி என்று நினைத்தால் ராணுவக் கிடங்கு போலப் பூட்டி வைப்பார். விளையாட்டுச் சாமான் என்று நினைத்தால்?

இரண்டு நாள் கழித்து மகள் பேசினாள். எண் பூட்டு வைத்த இரும்புப் பெட்டி வாங்கியாயிற்றாம். எண் என்னம்மா என்று கேட்டேன். பேத்தியின் பிறந்த நாளாம். உடனே மாற்றச் சொல்லியிருக்கிறேன்.