வீடியோ கேம் சுற்றுப்போட்டி: அனுசரணை தேடும் முன்

உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி என்றால் எமக்கு வழி தெரியும்: மைதானம் எடுப்போம், லாச்சப்பல் கடைகளில் அனுசரணை கேட்போம். இப்போது பிரான்சில் வளரும் எமது இளையோர் வீடியோ கேம் சுற்றுப்போட்டி நடத்துவோம் என்கிறார்கள். நல்ல விடயம். ஆனால் பழைய வழி இங்கே அப்படியே சரிவராது.

உதைபந்தாட்டத்துக்கு உரிமையாளர் இல்லை. வீடியோ கேமுக்கு உண்டு. 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்த நின்டெண்டோ விதிகளின்படி, தனி உரிமம் பெறாமல் நடத்தும் போட்டியில் நேரில் 200 பேருக்கு மேல் விளையாட முடியாது. இலாபம் எடுக்க முடியாது. வெளியார் அனுசரணையும் பெற முடியாது. நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். ஆகவே முதலில் விளையாட்டையும் அதன் விதியையும் பார்க்கவேண்டும். கடைக்காரரிடம் பிறகு போகலாம்.

அரசின் சட்டமும் உண்டு. பணப்பரிசுள்ள போட்டியில் 12 வயது நிறையாத பிள்ளைகள் சேர முடியாது. அதற்கு மேற்பட்ட சிறுவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துமூல அனுமதி தேவை.

முடிந்ததும் வரவு செலவுக் கணக்கை வெளியிடவேண்டும். கோயிலுக்கும் கழகத்துக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் கொடுத்துக் களைத்தவர்கள் எமது கடைக்காரர்கள். காசு போன இடம் தெரிந்தால்தான் அடுத்த வருடமும் தருவார்கள். அறைக்குள் தனியே விளையாடும் பிள்ளைகள் எம்மோடு ஒரு மண்டபத்தில் கூடக் கேட்கிறார்கள். அந்த வாய்ப்பை நாம் கவனயீனத்தால் இழக்கக்கூடாது.