பழைய வண்டியும் பத்திரிகைத் தீயும்

தெருவிலே வாகனமொன்று தீப்பற்றி எரிந்தால் அது செய்தியாகிறது. எரிந்த வண்டியின் படம், ஊரின் பெயர், சாரதி உயிர் தப்பினார் என்ற ஆறுதல், மின்னொழுக்கே காரணமெனச் சந்தேகிக்கப்படுவதாக ஒரு வரி. இவ்வளவோடு நமது பத்திரிகைகள் அவ்விஷயத்தை முடித்துவிடுகின்றன. அந்த வண்டியின் வயதென்ன, அதன் பெற்றோல் தாங்கி எங்கே பொருத்தப்பட்டிருந்தது, குழாய்கள் கடைசியாக எப்பொழுது மாற்றப்பட்டன என்று எவரும் கேட்பதில்லை. தீ அணைந்தவுடன் செய்தியும் அணைந்துவிடுகிறது.

இக்கேள்விகள் இலங்கையில் இன்று முன்னிலும் முக்கியமானவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்திற்று. தனியார் கார்களுக்கான தடை நீங்கியது 2025 பெப்ரவரியிலேதான். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நாடு தன்னிடமிருந்த வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்டியது. தடை நீங்கிய பின்னரும் வரியும் விலையும் சேர்ந்து புதிய வண்டியைச் சாதாரண ஆசிரியரின் கைக்கெட்டாத பொருளாக்கிவிட்டன. ஆகவே மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் வழியாக அக்கரைப்பற்று வரை செல்லும் நமது கடற்கரை வீதியிலே பழைய வண்டி ஏளனத்துக்குரிய பொருளன்று. அது குடும்பத்தின் சொத்து; பலருக்கு அதுவே பிழைப்பு. அதனை வீதியிலிருந்து அகற்றுங்கள் என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை. அதன் தாங்கியை அறிந்து ஓட்டவேண்டும் என்பதே நமது வாதம்.

பெற்றோலைப்பற்றி மக்களிடையே நிலவும் எண்ணம் பெரும்பாலும் சினிமா தந்தது. அங்கே வண்டி பள்ளத்தில் உருண்டவுடன் தாங்கி வெடித்து வானளாவச் சுவாலை எழும்பும். இயற்கை அவ்வாறு நடப்பதில்லை. திரவமான பெற்றோல் எரிவதில்லை; அதிலிருந்து எழும் ஆவியே எரிகிறது. அந்த ஆவியும் காற்றிலே ஏறத்தாழ 1.4 சதவீதத்துக்குக் குறைந்தாலும் பற்றாது, 7.6 சதவீதத்துக்கு மிஞ்சினாலும் பற்றாது. பெற்றோல் உள்ள தாங்கிக்குள்ளே ஆவி மிக அடர்த்தியாயிருப்பதால், அங்கே சுவாலைக்கு வேண்டிய காற்றுப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. இதன் மறுபக்கந்தான் பலர் அறியாதது. பெற்றோல் முழுவதையும் வடித்து, காற்றுப் புகவிட்ட வெறுந்தாங்கியே வெடிகுண்டுக்கு ஒப்பானது. ஓட்டையை அடைப்பதற்காக அதை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகிறவர், உள்ளே ஒன்றுமில்லை என்ற தைரியத்தோடு போகிறார். உள்ளே இருப்பது சுவர்களில் ஒட்டிய பெற்றோலின் ஆவி. அனுபவமுள்ள தொழிலாளி பலமுறை கழுவி, நீர் நிரப்பிய பின்னரே அதில் நெருப்பை வைப்பார். அனுபவமில்லாதவர் உடனே வைத்துவிடுவார்.

அந்த ஆவி காற்றிலும் பாரமானது. நிலத்தோடு ஊர்ந்து சென்று, அறைக்கு அப்பாலுள்ள அடுப்பைத் தொட்டுத் திரும்பிவரக் கூடியது. பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகை செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை விடுகிறது. டீசலுக்கோ ஐம்பது பாகைக்கு மேற்பட்ட சூடு வேண்டும். சம்மாந்துறை வயலில் உழும் டீசல் இயந்திரத்தைப்பற்றி இக்கட்டுரை அதிகம் பேசாமைக்குக் காரணம் இதுவே.

இனி, தாங்கி இருக்குமிடம். மொரிஸ் மைனர் காரில் அது பின்புறத்துச் சாமான் பெட்டியின் அடியிலுள்ளது. பழைய வொக்ஸ்வாகனில் முன்மூடியின் கீழே சாரதிக்கு எதிரில் உள்ளது. மோட்டார்ச் சைக்கிளிலே ஓட்டுபவரின் மடிக்கு முன்னால் இருக்கிறது. பிற்காலக் கார்கள் பலவற்றில் அதைப் பின்னச்சுக்கு முன்னே நகர்த்தியமைக்கு, மோதலின் வேகம் அங்கே எளிதில் எட்டாதென்பதே காரணம். பழைய தாங்கி இரும்பாலானது. கடலிலிருந்து வீசும் உப்புக் காற்று அதனை வெளியிலிருந்து தின்கிறது. உள்ளேயோ, பெற்றோல் குறைந்து வெறுமையான பகுதியில் ஈரம் படிந்து துரு பிடிக்கிறது. றப்பர்க் குழாய் காலத்தால் காய்ந்து வெடிக்கிறது. இவற்றில் எதுவும் படம்பிடிக்கத் தக்க காட்சியன்று. ஆகவே எதுவும் செய்தியுமன்று.

செய்தித்துறை இவ்விஷயத்தை முழு முயற்சியோடு கையாண்டு, அதிலே வென்றும் தவறியும் போன கதையை அமெரிக்காவின் இரு விவகாரங்களிற் காணலாம். முதலாவது போர்ட் நிறுவனத்தின் பின்டோ கார். 1970இல் விற்பனைக்கு வந்த அக்காரின் தாங்கி, பின்னச்சுக்கும் பின்காப்புக்கும் இடையே இருந்தது. பின்னாலிருந்து மோதினால் நசுங்கி ஒழுகியது. 1977இல் 'மதர் ஜோன்ஸ்' என்னும் சஞ்சிகை இதை அம்பலப்படுத்திற்று. மறுவருடம் ஜூன் மாதத்தில் நிறுவனம் 15 இலட்சம் கார்களைத் திருத்துவதற்காகத் திருப்பியழைத்தது. எழுத்தின் வெற்றி இது, மறுப்பதற்கில்லை. எனினும் அக்கட்டுரை, மாண்டோர் 500 பேருக்குக் குறையாதென மதிப்பிட்டது. அரசாங்க நிறுவனம் விசாரித்து உறுதிசெய்த தொகை 27. மனித உயிருக்கு இரண்டு இலட்சம் டொலரென விலைகுறித்ததாகப் புகழ்பெற்ற குறிப்போ, பின்மோதலைப்பற்றி எழுதப்பட்டதே அன்று. கார்கள் கவிழும்போது ஏற்படும் ஒழுக்கைப்பற்றி, முழு மோட்டார்த் தொழிலையும் கருதி, அரசாங்கத்துக்குச் சமர்ப்பித்த கணக்கு அது. 1980 மார்ச்சில் இந்தியானா மாநிலத்து ஜூரிகள் நிறுவனத்தைக் குற்றவாளியல்ல என்றனர். இருபத்தேழு பேர் போதாதென்றா ஐந்நூறு வேண்டியிருந்தது?

இரண்டாவது விவகாரம் இதனினும் கொடியது. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1973 முதல் 1987 வரை செய்த சிறுலொறிகளில், பெற்றோல் தாங்கிகள் இரும்புச் சட்டத்துக்கு வெளியே இரு பக்கங்களிலும் தொங்கின. பக்கத்திலிருந்து மோதும் வண்டிக்கு அவை முதற்பலி. 1992 நவம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியின் 'டேட்லைன்' நிகழ்ச்சி, பழைய லொறியொன்றின்மீது காரை மோதவிட்டுத் தீ எழுவதைக் காட்டிற்று. பார்த்தவர்கள் திடுக்கிட்டனர். நிறுவனமோ மோதிய வண்டிகளைத் தேடிப்பிடித்து ஆராய்ந்தது. மோதும் கணத்தில் தவறாது தீ எழும்பொருட்டு, லொறியின் அடியிலே விளையாட்டு ரொக்கெட்டுக்கான சிறு எரிகருவிகள் கட்டப்பட்டிருந்த செய்தி வெளியாயிற்று. பார்வையாளருக்கு அது சொல்லப்படவில்லை. தாங்கி பிளந்ததாகச் சொன்னதும் உண்மையன்று. 1993 பெப்ரவரியில் வழக்குத் தொடர்ந்த மறுநாளே தொலைக்காட்சி நிலையம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அதன் செய்திப் பிரிவுத் தலைவர் மைக்கேல் கார்ட்னர் அடுத்த மாதம் பதவி விலகினார்.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டியது, பொய்ச் சோதனையால் உண்மைக் குறை மறைந்துவிட்டதா என்பதே. அந்த மன்னிப்புக்குச் சில நாட்களின் முன்னர், அத்தகைய லொறியில் எரிந்து மாண்ட பதினேழு வயது இளைஞனின் பெற்றோருக்கு அட்லாண்டா நகர ஜூரிகள் பத்துக் கோடிக்கு மேற்பட்ட டொலரை இழப்பீடாக விதித்திருந்தனர். மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு நிலைக்கவில்லை. 1994 அக்டோபரில் அமெரிக்கப் போக்குவரத்துச் செயலாளர் பெடரிகோ பேனா, அந்த லொறிகளில் பாதுகாப்புக் குறை உண்டென்ற ஆரம்ப முடிவையும் அறிவித்தார். ஆனால் டிசம்பரில் சமாதானம் ஏற்பட்டது. நிறுவனம் பாதுகாப்புத் திட்டங்களுக்கு 5 கோடி டொலருக்குச் சற்று மேலாகக் கொடுத்தது, லொறிகள் திருப்பியழைக்கப்படவில்லை. மக்களின் மனத்திலோ தங்கியது அந்த ரொக்கெட் ஒன்றுதான். மெய்யான ஆபத்துக்குப் பொய்யான தீ மூட்டியவர்கள், ஆபத்தைச் சுமந்து ஓடிய குடும்பங்களுக்கே தீங்கிழைத்தனர் என்பது நமது அபிப்பிராயம்.

நமது நாட்டுப் பத்திரிகைகள் பொய்த் தீ மூட்டுவதில்லை. அவற்றின் குறை வேறு. 2021 இறுதியில் சமையல் எரிவாயு விபத்துகள் தொடர்ந்தபோது, அடுப்பு வெடித்ததா, குழாய் கசிந்ததா, கொள்கலன் வெடித்ததா என்ற வேறுபாடின்றி எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு இட்டார்கள். எனினும் அன்று அவர்கள் விடாது எழுதினார்கள். ஜனாதிபதி குழுவொன்றை நியமிக்கவும், வாயுக் கலவையின் விகித மாற்றம் வெளிப்படவும் அத்தொடர்ச்சியும் ஒரு காரணம். ஓரிரவுச் செய்தியாக விட்டிருந்தால் ஒன்றும் நடந்திராது.

2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டன. கிடைத்த எண்ணெயைப் பிளாஸ்டிக் கலன்களில் ஊற்றி வீட்டிலே வைத்தார்கள். அவ்வாறு வைத்த வீடுகளில் தீப்பிடித்த செய்திகளும் வந்தன. வரிசைகள் ஒழிந்தபின் அக்கலன்கள் என்னவாயின என்று எந்த நிருபரும் எழுதவில்லை. அடிக்கடி ஒழிந்து கிடந்த தாங்கிகளின் உட்புறத்துத் துருவும் அக்காலத்தின் மிச்சந்தான். அது இன்னும் நம்மோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

பிரதேச நிருபருக்கு இது பெரிய பாரமன்று. எரிந்த வண்டியின் ஆண்டையும் வகையையும் எழுதலாம். தீ முன்புறத்தில் எழுந்ததா பின்புறத்திலா என்று கேட்கலாம். அண்மையில் எரிபொருள் குழாயிலோ மின்கம்பியிலோ வேலை நடந்ததா என்று கராஜில் விசாரிக்கலாம். ஒரு மாதம் கழித்துப் பொலிசாரிடம் மறுபடி போகலாம். இப்படி ஐம்பது செய்திகள் சேர்ந்தால், எந்த வகை வண்டி எங்கே பற்றுகிறதென்பது தானே விளங்கிவிடும். நமது பாடசாலைகளிலும் விஞ்ஞான ஆசிரியர் ஆவியாதலைக் கற்பிக்கும் பாடவேளையில் கொதிக்கும் கேத்தலோடு நிற்பானேன்? மாணவனின் தகப்பனார் வீட்டுத் தாழ்வாரத்தில் நிறுத்தியிருக்கும் மோட்டார்ச் சைக்கிளையும் எடுத்துக்காட்டலாமன்றோ?

அரசாங்கமும் வருடந்தோறும் வருமான அனுமதிப்பத்திரம் கொடுக்குமுன் புகைச் சான்றிதழ் கேட்கிறது. வண்டி சோதனை நிலையத்துக்கு வருகிறது. குழலிலே கருவியைச் செருகிப் புகையை அளக்கிறார்கள். அதே நேரத்தில் ஒருவர் கைவிளக்கோடு குனிந்து தாங்கியின் அடியையும் றப்பர்க் குழாயின் இரு முனைகளையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். வண்டியும் அங்கேதான் நிற்கிறது, உரிமையாளரும் அருகிலேதான் நிற்கிறார்.